மூன்றாம் முறை எரிந்த விளக்கு

அஞ்சுகத்தின் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் நிலைக்குப் பொட்டு, காற்று வடிகட்டிக்குப் பொட்டு, வண்டிக்கும் பொட்டு. செவ்வாய்க் கோளில் குடியேறி இத்தனை வருஷமாகியும் அந்த வழக்கம் மட்டும் மாறவே இல்லை. சந்தன மரத்துக்கு அங்கே எங்கே போவது? நுண்ணுயிர்த் தொட்டியில் விளைந்த சந்தனம்தான். ஆனால் வாசனையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதைக் குழைத்து வைத்து, பூசை முடித்து, மறுநாள் சனிக்கிழமை புளிச்சாதம் கட்டிக்கொண்டு வண்டியை எடுப்பாள். ஊரை மூடியிருக்கும் குவிமாடத்தின் காற்றுக்கதவு திறக்கும். மூச்சு விட முடியாத அந்தச் சிவந்த வெளியில் இரண்டு மணி நேரம் போனால் பனிச்சுரங்கம். அங்கேதான் அவள் அண்ணன் சுடலைமுத்து இருந்தார்.

அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சுரங்கத்துக்குச் சரக்கு இயந்திரங்கள் போய்வரும். ஆள் ஏறும் பொதுவண்டி கிடையாது. "எங்க வீட்டுக்கே வந்துருண்ணே" என்று கூப்பிட்டால், "தங்கச்சி வீட்டுல உக்காந்து திங்கவா? போடி" என்பார். ஆனால் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து சன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்திருப்பார் என்று அங்குள்ளவர்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட வண்டியில்தான் அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது.

வண்டி பழசு. ஆனால் உழைப்பாளி. கொஞ்ச நாளுக்கு முன்னால் குடியிருப்பு நிர்வாகம் பழைய வண்டிகளுக்கெல்லாம் 'முகர்வான்' என்றொரு கருவியைப் பொருத்திவிட்டது. வெளியில் எவ்வளவு புழுதி என்று முகர்ந்து பார்த்து எந்திரத்துக்குச் சொல்வது அதன் வேலை. பொருத்திய சில நாளிலேயே, பாதி வழியில், எந்திரம் மூச்சு வாங்கியது. முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பட்டறையில் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி எரிந்தது. மறுபடி சோதனை, மறுபடி ஒன்றும் இல்லை.

இப்போது மூன்றாம் முறை. காரணம் தெரியாமல் ஒரே விளக்கு மூன்று முறை எரிந்தால் வண்டி உருக்காலைக்குப் போகும் என்பது அங்கே சட்டம். விளக்கு எரிகிற வண்டி வெளியே போகக் காற்றுக்கதவும் திறக்காது.

"உருக்கினா என்னட்டி, நாலு சட்டி பானையாவது மிஞ்சும்" என்றார் அவள் கணவர் பிச்சையா.

"எங்கண்ணன் சோறில்லாம சன்னலப் பாத்துக்கிட்டு இருப்பாக. ஒங்களுக்குச் சட்டி பானை கேக்குதோ?"

பிச்சையாவுக்கும் மச்சான்மேல் பிரியம்தான். வெளியில் காட்டினால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற மனிதர்.

அன்று அஞ்சுகத்துக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. முந்தைய இரண்டு முறையும் தன் குளியல் நீரில் பாதியை ஒதுக்கி, வண்டியை முகம் முதல் சக்கரம் வரை துடைத்துவிட்டுத்தான் பட்டறைக்குக் கொண்டு போயிருந்தாள். இன்று அழுக்கோடு எப்படிப் போவது?

"பாக்கப்போறது ஒரு எந்திரம். அதுக்கென்ன தெரியும்?" என்றார் பிச்சையா.

"எந்திரமா இருந்தா என்னங்க? இவ வீட்டை எப்படி வச்சிருப்பான்னு நெனைக்காதா?"

வேறு வழியில்லை. பிச்சையாவையும் கூட்டிக்கொண்டு கூனிக் குறுகித்தான் போனாள்.

பட்டறையில் இருந்த பழுதறிவான் ஆள் உயர இயந்திரம். ஆறு கைகள். பேச்சு மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். அதனால் அஞ்சுகம் அதைத் தம்பி என்றே கூப்பிடுவாள்.

"தப்பா எடுத்துக்காத தம்பி, இன்னைக்குத் தண்ணி வரல. வண்டி அழுக்கா கெடக்கு."

பழுதறிவான் வண்டியைச் சுற்றி வந்தது. முன்பக்கம் வந்ததும் நின்றது. குனிந்தது. இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், வட்டமாகக் காசளவில் இருந்த ஒரு குமிழைக் காட்டியது. குமிழே தெரியவில்லை. தடிமனாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இது என்ன அம்மா?"

"பொட்டு. வெள்ளிக்கிழமை வச்சது. முன்னெல்லாம் மேல்மூடியில வைப்பேன். இப்ப நெத்தி மாதிரி அழகா வட்டமா ஒன்னு வச்சுக் குடுத்திருக்கீகளே, பொட்டுக்குன்னே செஞ்சாப்புல..."

"அதுதான் முகர்வான், அம்மா."

முதலில் சிரித்தது பிச்சையாதான். மூக்கை அடைத்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? எங்கும் புழுதிப்புயல் என்று நினைத்து எந்திரம் திணறியிருக்கிறது. அவளோ காட்ட வரும்போதெல்லாம் காரணத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பழுதறிவான் சந்தனத்தை வழித்தெடுத்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று பதிவு செய்தது. விளக்கு அணைந்தது. வண்டிக்கு உருக்காலை இல்லை.

அஞ்சுகத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நல்லா இருப்ப தம்பி" என்று அதன் மார்பைத் தொட்டாள். விரலில் ஏதோ ஒட்டியது. கறுப்புப் பசைநாடாத் துண்டு. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் கசிந்தது.

"இது என்னப்பா, ஒனக்கும் விளக்கு எரியுது?"

பழுதறிவான் நாடாவை அவசரமாக அழுத்தி ஒட்டிக்கொண்டது. "அது ரொம்ப நாளா எரியுது அம்மா. ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாமயா எரியும்? ஒங்க ஆளுககிட்டக் காட்டலாமில்ல?"

"வேலை இருக்கே, நேரம் எங்க? காட்டினா அதையும் இதையும் சொல்லிப் படுக்கப் போட்டுருவாங்க. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

அஞ்சுகம் இன்னும் கிட்டே போனாள். "இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல அம்மா. இங்க வர்றவங்க பேசுறதக் கேட்டுக் கத்துக்கிட்டேன். எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

"எந்தக் கூறுகெட்டவன் அப்படிச் சொன்னது?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, சாட்சிக்குக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பிச்சையாவின் மணிக்கட்டில், தோலுக்கு அடியில், அங்கே எல்லோருக்கும் இருப்பதுபோல் இதயத்தைக் கவனிக்க மருத்துவர் பதித்த சின்ன விளக்கு உண்டு. அவர் கூரையைப் பார்த்தபடி, முழுக்கைச் சட்டையை மெதுவாக இழுத்து அதன் மஞ்சள் வெளிச்சத்தை மூடிக்கொண்டிருந்தார்.