இணைச்சீர்க் கூடை

பந்தல் போட்ட வாசலில், தம்பியின் கல்யாணத்தன்று காலையிலேயே மயிலாத்தாளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் சின்னம்மா குழந்தையம்மாள் காதுக்கு எட்டிவிட்டது.

"அம்மணி, இணைச்சீருக்கு எம்மக கீதாவே நிக்கட்டும். பொண்ணூட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? நீ உள்ளார இரு."

 மயிலாத்தாளுக்குக் காசநோய் தீர்ந்து வருடங்களாகிவிட்டன. ஆனாலும் குடம் தூக்கினால் மூச்சு வாங்கும். விடிந்தால் இருமல் வரும். பிறந்த வீட்டுக்கு வந்தால் இன்றும் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இணைச்சீர்! மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூடை சுமக்க, அதிலிருக்கும் கூறைச்சேலையின் முனையைத் தம்பி பிடித்து நடக்கும் சீர். தாயில்லாத காளிச்சாமியைத் தூக்கி வளர்த்தவள் அதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தாள்.

காளிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கீதாவே நிக்கட்டுங்க. பன்னெண்டு வயசுல என்னையப் பீளமேட்டு ஹாஸ்டல்ல தள்ளிப்போட்டு, லீவுக்குக்கூட ஊட்டுக்குள்ள சேத்தாதவ தானே இவ..."

மயிலாத்தாளின் கணவர் அரங்கசாமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மாப்ள, அப்பன் பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு இவ சத்தியம் வாங்கிப்போட்டா. அதான் வாயத் தொறக்கல. உங்கப்பனுக்கு ஈளை இழுப்புன்னு ஊருக்குச் சொன்னது பொய். அவருக்கு டிபி. உனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் தொரத்துனா. சாகற வரைக்கும் அவரைப் பாத்துக்கிட்ட இவளுக்கு ஒட்டிக்கிச்சு. மருந்து முழுசாத் தின்னா, நோவு போயிருச்சு. நெஞ்சுக்குள்ள தழும்பு மட்டும் நின்னுபோச்சுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. தழும்பு யாருக்காச்சும் ஒட்டுமா?"

காளிச்சாமி அக்கா பக்கம் திரும்பினான்.

"லீவுக்கு வந்து கதவைத் தட்டித் தட்டி அழுதனேக்கா..."

"உள்ளார நின்னு நானும் அழுதேன் கண்ணு."

அவன் அக்காவைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுதான். பிறகு கீதாவிடமிருந்து கூடையை வாங்கி, தானே அக்காவின் இடுப்பில் வைத்தான்.

மணவறையைச் சுற்றும்போது பாதியிலேயே மயிலாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டாள். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குழந்தையம்மாள் எல்லோரும் குடிக்கும் சொம்பிலேயே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"மெதுவா வாக்கா," என்றான் காளிச்சாமி. "முகூர்த்தத்துக்கு நேரமிருக்குது."

சேலை முனையை விடாமல், அக்காவின் மூச்சுக்குத் தக்கபடி அடியெடுத்து வைத்து அவன் நடந்தான்.