பளபளவென்று ஒரு பீரங்கி

"ஏங்க! பீரங்கிக்குள்ள கைய வுட்டுக்கினு இன்னா பண்றீங்க? பாம்பு கீம்பு இருக்கப்போவுது!"

திடுக்கிட்டுத் திரும்பினாள் மணிமொழி. கள்ளக்குறிச்சியை அடுத்த தியாகதுருகம் மலையுச்சியில், தூறலில் நனைந்தபடி ஒருவன் நின்றிருந்தான். கண்ணில் அப்படியொரு குறும்பு...

"வாய் எத்தனை அங்குலம்னு அளக்கறேன். வேணும்னா டேப்பைப் புடிங்க," என்றாள் வெடுக்கென்று.

பிடித்தான். பெயர் காசிநாதன், கீழே பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் பட்டறை. கடலோரக் கோட்டைகளின் கனத்த பீரங்கிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும் சிரித்துவிட்டான். "கடல் எங்க, கள்ளக்குறிச்சி எங்க?"

"இதுவும் கடற்கரையிலேர்ந்து இழுத்துக்கினு வந்ததுன்னு என் சந்தேகம். இதோ, துருவுக்கு அடியில மங்கலா எழுத்து தெரியுது பாருங்க. எங்க வார்த்ததுன்னு அது சொல்லிடும். அடுத்த வாரம் வந்து தாள் வச்சுப் படியெடுக்கணும்."

மழை வலுத்தது. அவள் குடையை விரித்தாள். ஒரே குடைக்குள் இருவரும்... பாவிப் பெண், அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை!

மறுவாரம் மூச்சிரைக்க ஏறி வந்தாள். பீரங்கி கண்ணாடி போலப் பளபளத்தது. பக்கத்தில் கையெல்லாம் துருவோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவன்.

"மூணு நாளா பட்டறையை மூடிட்டு, பேட்டரி கிரைண்டர் வச்சுத் தேய்ச்சேங்க. எழுத்து உங்களுக்கு நல்லாத் தெரியட்டும்னு..."

எழுத்து எங்கே? தடவித் தடவிப் பார்த்தாள். துருவோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது.

"படிச்சவனா இருந்தா இப்படிச் செய்வானா!" என்று கத்திவிட்டாள்.

அவன் முகம் சுண்டிப்போனது. கிரைண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான். கூப்பிட்டிருக்கலாம்... கூப்பிடவில்லை. வீம்பு! அந்த ஒரு நிமிட வீம்புக்கு இரண்டு வருஷம் அழுதாள்.

ஆராய்ச்சி புத்தகமாக அச்சானதும், முதல் பிரதியோடு பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா?" முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"இல்லீங்க. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எழுத்து போனதுக்கு ஒரு நாள்தான் அழுதேன். நீங்க போனதுக்கு இன்னும்..." புத்தகத்தை நீட்டினாள். "உங்கள எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சு. இப்பவும்தான்."

கையிலிருந்த வெல்டிங் கம்பியை அவன் கீழே வைத்தான்.

"தை மாசம் எனக்குக் கல்யாணங்க. சங்கராபுரத்துப் பொண்ணு," என்றான் மெதுவாக.

சட்டையில் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினான். பக்கம் பக்கமாகப் புரட்டி, மலைப் பீரங்கியின் படத்தில் நிறுத்தினான். 'எழுத்துகள் அழிந்துவிட்டன' என்று கீழே ஒரே வரி.

"அழிச்சது யாருன்னு போடலீங்களா?"

"எப்படிங்க போடுவேன்? உங்களைக் காட்டிக் குடுக்க மனசு வரல."

அந்த வரியை விரலால் தடவினான். கண் கலங்கியிருந்தது.

"போட்டிருக்கலாங்க... உங்க புஸ்தகத்துலயாவது என் பேரு உங்க பேரோட சேர்ந்து இருந்திருக்கும்."