கெளுத்திப் பலகை

கிசாபுரோ வெறிபிடித்தவன்போல் பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். சீவல் ஈரமாக வந்தது.

எடோ நகரத்தைப் பூகம்பம் புரட்டிப்போட்டதிலிருந்து, மண்ணுக்கடியில் புரண்டு நிலத்தை ஆட்டியதாகச் சொல்லப்படும் கெளுத்தி மீனை ஊரே கூடி மொத்தும், அவன் மரப்பலகையில் செதுக்கிய அச்சுப்படம் சக்கைப்போடு போட்டது. அனுமதி முத்திரை இல்லாத படம். தெருமுனையில் காவலர்கள் சோதனை போடுகிறார்கள். செதுக்கிய பலகை சிக்கினால் கையில் விலங்கு.

"சீக்கிரம்ணே!" தங்கை ஓயோனே மிச்சத் தாள்களை அடுப்பில் திணித்தாள். "உன் கெளுத்தியால நானுமா மாட்டணும்?"

"அந்தக் கெளுத்திதாண்டி உனக்கும் சோறு போடுது. எரி!"

அவள் புருஷன் யோஹச்சி இடிபாட்டில் செத்தவன். 'நான் போறப்பவே மூச்சு இல்ல' என்று அண்ணன் சொன்னதை நம்பி அழுது ஓய்ந்திருந்தாள்.

மீன் மறைந்தது. ஆனால் காய்ந்து இறுகிய அந்தச் செர்ரி மரத்திலிருந்து கரியும் நனைந்த சுவர்மண்ணும் கருகிய முடியும் கலந்த, பூகம்பத்துக்கு மறுநாள் காலையில் மூக்கில் ஏறிய அதே நாற்றம் மெல்லக் கிளம்பி அறையை நிறைக்க, உளி படாத கோடுகள் அடியிலிருந்து எழும்பி வந்தன. அழுத்தி இழைத்தான். இன்னும் ஆழமாக எழும்பின. ஓர் உத்திரம். அதனடியில் ஓர் ஆள்.

மரத்துக்குள் நகம் பிறாண்டியது.

"என்னண்ணே அது?"

"ஒண்ணுமில்ல. கிட்ட வராத!"

ஓயோனே கேட்காமல் கிட்டே வந்தாள். அச்சடிப்பவனாக இருந்த யோஹச்சியின் மனைவி அவள். மை தடவித் தாளை விரித்துத் தேய்க்க அவளுக்கு நொடிதான் ஆனது. உரித்தாள்.

யோஹச்சி. கண்கள் திறந்திருந்தன. உத்திரம் அவன் நெஞ்சை நசுக்காமல் முட்டுக்கொடுத்து நின்ற எதையோ, இரண்டு கைகள் உருவிக்கொண்டிருந்தன. கைகளுக்கு மேலே கிசாபுரோவின் முகம்.

"உயிரோடவா இருந்தாரு?"

அவன் தாளைப் பறிக்கக் கை நீட்டினான்.

வாசலில் காலடிகள். அவள் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"உள்ளேதாங்க இருக்கான்" என்று காவலர்களிடம் சொல்வது கேட்டது. "அவசரமில்ல. மெதுவாவே போங்க."

எழப் பார்த்தான். முடியவில்லை. பலகையிலிருந்து நீண்ட விரல்கள் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. கறுத்து. ஈரமாக.

தலைக்கு மேலே உத்திரம் முனகியது. மண் உதிர்ந்தது.

ஊரில் மரமெல்லாம் எரிந்துபோன அந்தக் காலையில், யோஹச்சி கெஞ்சக் கெஞ்ச அவன் உருவிக்கொண்டு வந்த முட்டு, இந்தப் பலகைதான்.