முத்தரசி, வயது நான்கு, பூரண நலம்

முத்தரசியின் மணிக்கட்டில் நலக்காப்பு பச்சையாக ஒளிர்ந்தது. வெறும் பச்சை இல்லை, தளிர்ப்பச்சை. பள்ளிக்கூடத்தில் மேடையேற்றிக் கோப்பை கொடுக்கிற பச்சை. அவளைப் பெற்ற இசக்கியம்மாள் அந்தப் பச்சையை நம்பவில்லை.

விடிந்ததிலிருந்து பிள்ளை அழவில்லை. முந்தின நாள் காய்ச்சலில் கத்தித் தெருவையே கூட்டியவள், இப்போது துணிப்பொம்மை மாதிரி தோளில் தொங்கினாள். உடம்பு கொதித்தது, கையும் காலும் மட்டும் ஜில்லென்று இருந்தன. சன்னல் வெளிச்சம் பட்டால் முனகிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். தொடையில் ஊதா நிறத்தில் நாலைந்து புள்ளிகள், காலையில் இல்லாதவை.

கணவன் தங்கதுரைக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. நேற்றுச் சிவப்பு காட்டியது, நல வண்டி வந்து மருந்து ஊற்றிவிட்டுப் போனது, இன்று பச்சை. ஆஸ்பத்திரிக்குப் போனால் 'வீண் வருகை' என்று பதிவாகும்; வாசலில் தொங்கும் 'பச்சை இல்லம்' பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"மெஷினை விட நீ பெரிய ஆளா?" என்றான்.

"மெஷினுக்குக் காயில் கட்டுதவ நான். அது எப்பப் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும்."

பதினாறு வருடமாக அவள் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிப் பழுதுபார்ப்பவள். கத்துகிற மோட்டாரை அவள் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைப்பாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் அடங்குகிற மோட்டாரைத்தான் முதலில் பிரிப்பாள். உள்ளே கருகுவது அதுதான். பலகை போனால் போகட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நலக்காப்பு பிறந்த கதை ஊரறிந்தது. எந்தக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று காப்புக்கு யாராவது கற்றுத்தர வேண்டும் இல்லையா? மருத்துவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள் என்று பெற்றோரிடமே பொறுப்பை விட்டார்கள். மூன்று வருடம், தினமும் இரவு ஏழு மணிக்குக் காப்பு கேட்டது: 'குழந்தை இன்று எப்படி?' அடம்பிடித்து, கத்தி, சாமானை உடைத்த நாளில் பெற்றோர் 'சரியில்லை' என்று அழுத்தினார்கள். வாயைத் திறக்காமல் மூலையில் கிடந்த நாளில் 'ரொம்ப நல்லா இருக்கு' என்று அழுத்தினார்கள். இலட்சக்கணக்கான விரல்கள் ஒரே பாடத்தை நடத்தின. காப்பு நல்ல மாணவன். சொன்னதை அப்படியே படித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அன்று விழா. தானே முடிவெடுக்கும் கதவு பொருத்தி நூறாவது நாள். அந்தக் கதவு மனிதர் பேச்சைக் கேட்காது, சாவியும் கிடையாது. காப்பின் நிறத்துக்கு மட்டுமே திறக்கும். பலூன் கிடைக்காமல் தரையில் புரண்ட ஒரு பையனைத் தன்னோட்டக் கட்டில் ஒன்று அலேக்காகத் தூக்கி, சைரன் ஒலிக்க உள்ளே கொண்டு போனது. அவனுடைய காப்பு செக்கச்செவேல் என்றிருந்தது.

இசக்கி கதவருகே போனாள். "முத்தரசி, வயது நான்கு, பூரண நலம். வீட்டுக்குச் சென்று மகிழவும்," என்றது கதவு.

வாசலை அடைத்துப் போட்ட மேடையில் நலக்கணிப்பு இயக்குநர் முனைவர் நாவுக்கரசன் பேசிக்கொண்டிருந்தார். புள்ளியியலில் முனைவர். குழந்தைகளைப் பட்டியல்களில் மட்டுமே சந்தித்தவர். நூறு நாளில் காப்பு ஒருமுறைகூடத் தவறவில்லை, தவறியதாக ஒரு பதிவும் இல்லை என்று அவர் சொன்னபோது கைத்தட்டல் எழுந்தது. தவறினால் பதிவதற்கு ஒரு பொத்தானே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

இசக்கி மேடையேறிவிட்டாள். பழரசத் தட்டோடு நின்றிருந்த செவிலியர் ஜெசிந்தா பிள்ளையின் தலை சாய்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள். பாவாடையை விலக்கினாள். இயக்குநருக்கென்று வைத்திருந்த கண்ணாடித் தம்ளரைக் காலிசெய்து, அதன் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் அழுத்தினாள். சாதாரணத் தடிப்பு அழுத்தினால் வெளிறிப்போகும். கண்ணாடி வழியே புள்ளிகள் அப்படியே ஊதாவாக நின்றன.

"அக்கா, இது ரத்தத்துல ஏறுத தொத்து. கை ஜில்லுன்னு ஆனதால காப்புக்குக் காய்ச்சலே தெரியல. உடனே உள்ள போகணும்," என்றாள் தணிந்த குரலில்.

இயக்குநர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார். "நிறம் பச்சை. உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. குழந்தை எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க."

"அமைதியா இருக்குன்னுதான் சார் கொண்டாந்தேன்."

ஒரு தாய்க்காக விதியைத் திருத்தினால் நாளை ஆயிரம் தாய்மார் வருவார்கள் என்றார். இசக்கி பிள்ளையை ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். இடுப்புப் பையிலிருந்து கம்பிவெட்டி வெளியே வந்தது. காப்பை ஒரே வெட்டு. அறுந்த இடத்தில் செப்புக்கம்பியை நீட்டி முறுக்கினாள். அது அறுந்தது காப்புக்கே தெரிந்திருக்காது, அவ்வளவு சுத்தமான கை. அடுத்த நொடி அது இயக்குநரின் மணிக்கட்டில் இருந்தது.

"யாரைத் தொடுற நீ? நான் யாருன்னு தெரியுமா?"

தெரியும் என்றது காப்பு, சிவப்பாகி. முத்தரசி, வயது நான்கு. கட்டில் பாய்ந்து வந்து அவரை வாரிக்கொண்டது. அவர் கத்தக் கத்தச் சிவப்பு கூடியது. கூடக் கூடக் கட்டில் விரைந்தது. கதவு விரியத் திறந்தது. அதன் பின்னாலேயே ஜெசிந்தா பிள்ளையோடு ஓடினாள், இசக்கி அவளுக்கும் முன்னால்.

நரம்பில் மருந்து ஏறிய பிறகு மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

இயக்குநர் குழந்தைகள் பிரிவில், யானைப்படம் போட்ட தொட்டிலில் கால் மடக்கிக் கிடந்தார். வேளைக்கு இரண்டரை மில்லி இனிப்பு மருந்து. காப்பைக் கழற்ற ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே வழி, 'காப்பு தவறியது' என்று இயக்குநர் கையெழுத்திடுவது. அது அவரே எழுதிய விதி. ஜெசிந்தா தாளை நீட்டிய போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கமாக வந்த இசக்கியைக் கண்டதும், "இதைக் கழட்டி விடும்மா," என்றார் மெதுவாக.

"இப்பவே கழட்டுதேன் சார். அந்த மேடையில போய், இது பொய் சொல்லுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

இயக்குநர் யோசித்தார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் காப்பு பச்சையாகி, கதவு அவரை வாழ்த்தி வெளியே அனுப்பியது. இன்றுவரை அதைக் கழற்றவில்லை. குரல் உயர்ந்தால் எந்த மூலையிலிருந்தாவது கட்டில் வந்துவிடும் என்பதால் கூட்டங்களில் அவர் பேசுவதுமில்லை. பதிவேட்டின்படி அந்த மாவட்டத்திலேயே நலமான குழந்தை அவர்தான்.

அவர் வெளியேறிய அதே நேரம், உள்ளே முத்தரசி கண் விழித்து, கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, முறுக்குக் கேட்டுத் தொண்டை கிழிய அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி காதைப் பொத்திக்கொண்டு, பிள்ளையை அமர்த்தச் சொன்னாள்.

இசக்கி அமர்த்தவில்லை. மகளின் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கத்துட்டி. இன்னும் சத்தமா," என்றாள்.