முந்தி வந்த குரல்

முதல் ஷிப்ட் விட்டு, கம்பெனிப் பேருந்துகள் எல்லாம் போய்விட்டிருந்தன.

தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் சைமன்ராஜ் புதிய டிஜிட்டல் மிக்சருக்குப் பின்னால் குனிந்து, தன் பழைய எக்கோ பெட்டிக்கு இரண்டு வயர்களைச் செருகினான். ஒன்று குரலைப் பெட்டிக்கு அனுப்ப. மற்றது அதை எதிரொலியாகத் திரும்ப வாங்க. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் வாயைத் திறந்தான்.

"செக்" என்று ஹெட்போனில் எதிரொலித்தது.

அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பிறகு சொன்னான். எதிரொலி வரவில்லை.

பகல் முழுக்கச் சுரங்கத்தில் கன்வேயர் இரைச்சலைக் கேட்ட காது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மேடையில் அவன் மனைவி எவாஞ்சலின் நின்றாள். ஈஸ்டருக்கு அவள்தான் தனியாகப் பாடுகிறாள். அலெக்சாண்டர் அவள் உயரத்துக்கு மைக்கை இறக்கிக்கொண்டிருந்தான். சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவன். மிக்சர் மாறிய நாளிலிருந்து அவன் கைக்குத்தான் எல்லாம். சைமன்ராஜுக்கு வயர் சுருட்டும் வேலை. "அலெக்ஸ் மிக்ஸ் பண்ணா என் குரல் எனக்கே புடிக்குது" என்று அவள் ஒருநாள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். அந்தச் சோறு இன்னும் அவனுக்குச் செரிக்கவில்லை.

ஹெட்போனில் அவள் சிரிப்பு கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். அவள் உதடுகள் மூடியிருந்தன.

"அண்ணே, எஃபெக்ட் எல்லாம் மிக்சருக்குள்ளயே இருக்கு" என்றான் அலெக்சாண்டர். "அந்தப் பெட்டிய அந்தோணியார் கெபியில வச்சுடுங்க, மெழுகுவத்தி ஏத்தலாம்."

எவாஞ்சலின் சிரித்தாள். அதே சிரிப்பு. அதே இழுப்பு.

எதிரொலி எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்பதற்குப் பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. அதைக் கொஞ்சம் திருகினான்.

"அக்கா, அண்ணனுக்கு எப்ப நைட் ஷிப்ட்?"

"திங்கக்கிழமையிலேர்ந்து."

மேடையில் இருவரும் பேசாமல் பாட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அலெக்சாண்டர் அவள் பக்கம் குனிந்து கேட்டான். அவள் பதில் சொன்னாள். சொல்லுக்குச் சொல் அதுவே.

திங்கட்கிழமை என்ன? அதற்கு மேல் தெரிய வேண்டும். குமிழை முழுக்கத் திருகினான்.

பைக் ஒன்று கிளம்பித் தேய்ந்தது. பிறகு காலி மண்டபத்தின் ஒலி, மின்விசிறியின் முனகல், தூரத்தில் பவர் ஹவுஸின் ஓயாத இரைச்சல். மேடையின் மரப்படிகளில் கனத்த ஷூ ஏறியது. மைக்குக்கு மிக அருகே ஒரு பெண்ணின் மூச்சு.

"விடுங்க."

ஸ்டாண்ட் விழுந்தது.

"ஐயோ... விடுங்க..."

அப்புறம் ஓர் ஆணின் மூச்சு மட்டும். நெஞ்சில் தூசி ஏறிய மூச்சு. அது அவனுக்குத் தெரியும். அவனுடையது.

அப்புறம் ஒன்றுமில்லை.

ஹெட்போனைக் கழற்றினான். காது ஈரமாக இருந்தது.

"ஒரு கனெக்டர் குறையுது அண்ணே. வூட்டுக்குப் போய் எடுத்தாறேன்" என்று அலெக்சாண்டர் இறங்கிப் போனான். பைக் கிளம்பித் தேய்ந்தது.

வயரைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிவிட்டால் பெட்டியில் கேட்டது எதுவும் நடக்காது. குனிந்து, பெட்டியிலிருந்து வரும் வயரைப் பிடுங்கினான். நீளமான கறுப்பு வயர்.

வீட்டுக்குப் போகலாம். கதவு பின்னால்தான்.

"திங்கக்கிழமை என்ன?" அவன் குரல் அவனுக்கே கரகரப்பாகக் கேட்டது.

"பிராக்டிஸ்தான். வேற என்ன?" அவள் அவனைப் பார்த்தாள். "அந்தச் சின்னப் பையன் மேலயா உங்களுக்கு?"

சிரித்தாள். மைக் திறந்திருந்தது. நான்கு ஸ்பீக்கரிலும் சிரிப்பு. சுவரெல்லாம் சிரிப்பு.

கதவு பின்னால்தான்.

முதல் படி. கனத்த ஷூ.

இரண்டாவது படி.

நின்றுவிடலாம். இப்போதும் நின்றுவிடலாம்.

மூன்றாவது.

சிரிப்பு நின்றது.

"என்னங்க... வயர ஏன் ரெண்டு கையிலயும் சுத்திக்கினு வரீங்க?"