வலி வரம்பு

காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒரு நாட்டைக் கொளுத்திவிட்டு வேலைக்குப் போவது செவ்வாயின் ஏழாம் குவிமாடத்தில் எல்லோருக்கும் பழக்கம். 'மாமண்டலம்' என்ற வியூக விளையாட்டு அப்படி ஊறிப்போயிருந்தது. வரைபடத்தில் விரலை வைத்தால் படை போகும், கோட்டை விழும், நிலம் உங்கள் நிறத்துக்கு மாறும். செத்தவர்கள் ஓரத்தில் ஓர் எண்ணாக ஓடி மறைவார்கள்.

அந்த எண்தான் அங்கயற்கண்ணிக்கு ஆகாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பனிச்சுரங்கக் கலவரத்தில் அவள் தம்பி செழியனின் மண்டையை இரும்புத் தடியால் பிளந்தார்கள். செய்தியில் அவன் 'மேலும் நாற்பத்தொருவர்' என்பதற்குள் அடங்கிப்போனான். இப்போது அவள்தான் மாமண்டலத்தின் தலைமை வடிவமைப்பாளர். விளையாட்டின் போக்கையே மாற்றிக் காட்டுகிறேன் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி மூன்று மாத அவகாசம் வாங்கியிருந்தாள். அதற்குள் சாவு குறையாவிட்டால் பழைய பதிப்பே திரும்பிவிடும்.

அவள் கொண்டுவந்தது 'நோவிழை'. ஆடுகிறவரின் பிடரியில் பதித்த சில்லு வழியாக, விளையாட்டுக்குள் சாகிறவனின் வலி ஆணையிட்டவனுக்கே போய்ச் சேரும். அங்கே ஈட்டி குடலில் இறங்கினால் இங்கே வயிறு கிழியும். ஆனால் எத்தனை பேர் செத்தாலும் மொத்த வலி ஓர் அளவைத் தாண்டக்கூடாது என்று மருத்துவத்துறை வரம்பு வைத்தது. ஆடுகிறவர் செத்துவிடக்கூடாதே! நியாயம்தான் என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் ஊரே குளியலறையில் சுருண்டு விழுந்து அலறியது. மூன்றாம் மாதக் கடைசியில் போர்கள் பத்தில் ஒன்றாகக் குறைந்திருந்தன. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். அங்கயற்கண்ணி தம்பியை நினைத்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிக்கையின் அடுத்த பக்கத்தைத் திறந்தால், சாவு இருபது மடங்கு கூடியிருந்தது.

சோதனை ஆட்டக்காரர் இருதயராஜைக் கேன்டீனில் பிடித்தாள்.

"என்னய்யா நடக்குது?"

"ஒருத்தன் செத்தாலே வரம்பு நிறைஞ்சிடுது மேடம். ஊரையே கொளுத்தினாலும் அதே வலிதான். அப்புறம் எதுக்குத் தினம் தினம் வலிச்சுக்கிட்டு? வாரம் ஒருநாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு, குழந்தை குட்டியோட மொத்தமா முடிச்சிடறாங்க. நேத்து நான்கூட ஒரு தலைநகரத்தை..."

"மனுசங்களா நீங்க?" மேசையில் ஓங்கி அறைந்தாள். தேநீர் சிந்தியது. "ஒரு உயிருக்கு இவ்வளவு வலின்னா, ஆயிரம் உயிருக்கு ஆயிரம் மடங்கு வலிக்க வேணாமா?"

இருதயராஜ் பதில் சொல்வதற்குள் சுவர்த்திரையில் செய்தி வந்தது. தண்ணீர்த் தகராறில் நான்காம் குவிமாடத்தின் கூரையை எதிர்த்தரப்பு வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. காற்று பீறிட்டு வெளியேற, தெருவெங்கும் உடல்கள் உப்பிப்போய்க் கிடந்தன. ஒன்பதாயிரம் பேர்.

"அய்யோ பாவம்," என்று உச்சுக்கொட்டினாள் அங்கயற்கண்ணி. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இட்லி ஆறிடுச்சு பாருங்க. சரி, நான் எதுல விட்டேன்?"