வளரக் கூடாத கிருமிகள்

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் தேர் ரூஜ் பேருந்து நிறுத்தத்தில், சென்னையிலிருந்து அந்தத் தீவுக்கு வேலைக்கு வந்திருந்த ரமாமணிமேல் மோதினான். அவன் கையிலிருந்த புட்டி சாய்ந்து, அவள் வெள்ளைச் சேலையில் சிவப்பு வழிந்தது.

"பார்தோன், மாம்ஸெல்! பயம் வேணாம்... பீட்ரூட். குடிக்கலாம்!"

"எதை, சேலையையா?"

அவன் சிரித்தான். நனைந்த இமைகள்... பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள்.

அன்று மதியம் அதே புட்டியோடு அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றான். விநாயகம். இயற்கைச் சாயம் காய்ச்சுபவன். அது மரபணுவைக் கெடுக்காது என்று நிரூபித்தால் கடற்கரை ஓட்டல்கள் ஐஸ்கிரீமுக்கு வாங்கும்.

சோதனைக் கிருமிகள் ஒரு சத்தை ஊட்டினால்தான் வளரும். மரபணு மாறினால் மட்டும், ஊட்டாமலே வளரும். அவள் சத்தை ஊட்டாமல் சாயத்தை மட்டும் சேர்த்தாள். இரண்டு நாள் கழித்து அவன் வந்தபோது தட்டு முழுக்க வளர்ந்திருந்தன.

"உங்க சாயம் மரபணுவைக் கெடுக்குது."

அவன் முகம் வெளுத்தது. "என் தங்கச்சி பிள்ளை தினம் இதான் குடிக்கும்... மோ பா கொம்ப்ராம். புரியல. எல்லாம் கொட்டிடுறேன்."

போய்விட்டான். அவள் குறிப்பேட்டை மறுபடி புரட்டினாள். சரியாகத்தானே செய்தேன்... பிறகு ஏன் இப்படி?

சென்னையில் அவள் சோதித்ததெல்லாம் ஆலைச் சாயம். அதில் வேறொன்றும் இருக்காது. பீட்ரூட்டில்? தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது. அந்தச் சத்து பீட்ரூட்டிலேயே இருக்கிறது! கிருமிகள் மாறவில்லை. சாப்பிட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

சத்தைப் பிரித்துவிட்டு மறுபடி சோதித்தாள். தட்டு சுத்தம்.

"இந்தியாவிலிருந்து வந்த நிபுணர்" என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற மேலாளர் ஜான்-மார்க்கிடம் இதை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும். விநாயகம் பிழைப்பை இழப்பான்.

சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ரோஷ் புவாவில், சாயக் கொட்டகை வாசலில் விநாயகம் பீப்பாயைச் சாய்த்துக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீரோடு சாக்கடை சிவப்பாக ஓடியது.

"நிறுத்துங்க! தப்பு சாயத்துல இல்ல. என்மேல."

அவசரமாக விளக்கினாள். அவன் பீப்பாயை நிமிர்த்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

நீண்ட மூச்சு விட்டான். பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"எதிர்க் கடைக்குப் போன் பண்ணியிருக்கலாமே. மழையில ஏன் வந்த?"

"தெரியல..." அவள் குரல் அவளுக்கே எரிச்சலூட்டியது. "உங்களைப் பிடிச்சுப்போச்சுன்னு நினைக்கிறேன்."

"மோ ஒஸி," என்றான். அவளுக்குப் புரியவில்லையோ என்று பயந்து, தமிழில் தேடிச் சொன்னான்.

"நானும்."